கையெழுத்துக்கு முன்னால் கணக்கு

நேயர்களுக்கு வணக்கம். காரைக்குடியில் முப்பத்தொரு வருஷம் பத்திரம் எழுதியவன் நான். கிரையம், விடுதலை, பாகப்பிரிவினை என்று எழுதிக் கொடுத்தவை எத்தனையோ. எழுத முடியாமல் திருப்பி அனுப்பியவையும் நிறைய. திரும்பிப் போனவர்களில் பெரும்பாலோர் சொன்ன காரணம் ஒன்றுதான்: "ஒரு ஆள் மட்டும் கையெழுத்துப் போட மாட்டேங்கிறார்." அந்த ஒரு ஆளைப் பற்றித்தான் இன்றைக்குப் பேச வந்திருக்கிறேன்.

செட்டிநாட்டுச் சொத்து எப்படி இருக்கும் என்று உங்களுக்குத் தெரியும். கானாடுகாத்தானிலும் பள்ளத்தூரிலும் முகப்பு ஒரு தெருவில், பின்கட்டு அடுத்த தெருவில் என்று வீடு நீண்டு கிடக்கும். வளவை, அதாவது நடு முற்றத்தை, சுற்றி ஒவ்வொரு புள்ளிக்கும், அதாவது கல்யாணமான ஒவ்வொரு குடும்பத்துக்கும், ஒரு அறை. ஒரு அறைச் சாவி சென்னையில், இன்னொன்று கோலாலம்பூரில். வீடாவது கண்ணில் படுகிறது. ஊருக்கு வெளியே கிடக்கும் புஞ்சையை யார் பார்க்கிறார்கள்? சீமைக் கருவேலம் மண்டி, கல்லுக்கால் சாய்ந்து, கூட்டுப் பட்டாவில் செத்துப்போனவர்கள் பெயரோடு அப்படியே கிடக்கும். வாங்க ஒருவர் வந்து நின்ற பிறகுதான் பங்காளிகள் ஞாபகமே வரும்.

எங்கள் வீட்டிலும் அதுதான் நடந்தது. புதுவயல் பக்கம் எங்கள் ஐயா, அதாவது அப்பாவைப் பெற்றவர், தன் சம்பாத்தியத்தில் வாங்கிய 60 சென்ட் நிலம். ஒரு கிணறு, நாலு பனை. அவர் உயில் எழுதாமல் 1974-இல் காலமானார். அப்பத்தா அதற்கு முன்பே போய்விட்டார். வாரிசுகள் மூன்று மகன், இரண்டு மகள். நல்ல விலைக்கு ஆள் வந்ததும் சித்தப்பா அட்வான்ஸ் வாங்கிவிட்டார். கிரையப் பத்திரத்தை நானே எழுதினேன். தேவகோட்டையில் இருந்த சின்ன அத்தையிடம் பத்திரம், மைப்பெட்டி, ஒரு கிலோ இனிப்போடு போனோம்.

அத்தை கண்ணாடியைத் துடைத்துப் போட்டுக்கொண்டு பக்கம் பக்கமாகப் படித்தார். கடைசிப் பக்கம் வந்ததும் தாளை மடித்து என் கையில் கொடுத்தார். "கையெழுத்துப் போடுற இடத்துல என் பேரு இருக்குப்பா. விலை பேசின இடத்துல இல்லையே," என்றார். அவ்வளவுதான். ஆறு மாதம் ஆளாளுக்குப் போய்க் கேட்டும் பயனில்லை. ஒப்பந்தக் கெடு முடிந்து, வாங்க வந்தவர் அட்வான்ஸைத் திரும்ப வாங்கிக்கொண்டு போய்விட்டார்.

சித்தப்பா கோபத்தில் சொன்ன வார்த்தையை நானும் வேலையில் நூறு தடவை கேட்டிருக்கிறேன்: "அவளுக்குத்தான் சீர் செஞ்சு அனுப்பியாச்சே!" சீர் செய்தது பாசத்துக்கு. அதனால் நிலத்தில் பங்கு தீர்ந்துபோகாது. தன் பங்கை விட்டுக்கொடுப்பதாகப் பதிவான விடுதலைப் பத்திரம் எழுதிக் கொடுக்காதவரை மகளின் பங்கு அப்படியே இருக்கும். தகப்பனார் சுயமாகச் சம்பாதித்து, உயில் எழுதாமல் விட்டுப்போன சொத்தில் 1956-ஆம் வருஷ இந்து வாரிசுரிமைச் சட்டத்திலிருந்தே மகனுக்கும் மகளுக்கும் சம பங்கு. பூர்வீகக் கூட்டுக்குடும்பச் சொத்தில் மகளுக்கும் சம பங்கு என்று தமிழ்நாடு 1989-லேயே திருத்தம் கொண்டுவந்தது, ஆனால் அதற்கு முன் திருமணமானவர்கள் அதில் வரவில்லை. 2005-இல் வந்த மத்தியத் திருத்தம் அந்த வேறுபாட்டை எடுத்துவிட்டது. தகப்பனார் அன்றைக்கு உயிரோடு இருந்திருக்க வேண்டியதில்லை என்று 2020-இல் உச்ச நீதிமன்றமும் தெளிவாக்கிவிட்டது. மகளை விட்டுவிட்டு வாரிசுச் சான்றிதழ் வாங்கி விற்றால், விற்றவரின் பங்குதான் கைமாறும். வாங்கியவர் பிறகு கோர்ட்டில் நிற்பார்.

பட்டா ஒருவர் பெயரில் மட்டும் இருக்கிறதே என்று தைரியம் கொள்ளவும் வேண்டாம். அது வருவாய்த்துறைப் பதிவு. தீர்வை கட்டி வந்த அண்ணன், அதனாலேயே முழுச் சொந்தக்காரர் ஆகிவிட மாட்டார்.

சரி, எப்படிப் போவது? வாங்குபவர் வருவதற்கு முன்பே போக வேண்டும். மூலப்பத்திரத்தின் நகல், வில்லங்கச் சான்று, பட்டா, வாரிசுச் சான்றிதழ் எல்லாம் எடுத்துவைத்து, யாருக்கு எவ்வளவு என்று ஒரு வெள்ளைத் தாளில் எழுதிக் கொண்டுபோங்கள். எங்கள் கணக்கில் ஆளுக்கு ஐந்தில் ஒன்று, 12 சென்ட். பெரியப்பா இறந்துவிட்டதால் அவருடைய 12 சென்டில் பெரியம்மாவுக்கும் மூன்று பிள்ளைகளுக்கும் ஆளுக்கு 3 சென்ட். பெங்களூரில் இருக்கும் பெரியப்பா மகள் அந்தத் தாளைப் பார்த்த பிறகுதான் தனக்கு அங்கே 3 சென்ட் இருப்பதையே தெரிந்துகொண்டாள்.

வெளிநாட்டில் இருப்பவர் தன் சார்பில் கையெழுத்துப் போட இங்குள்ள ஒருவருக்குப் பவர் கொடுக்கலாம். அங்குள்ள இந்தியத் தூதரகத்திலோ நோட்டரியிடமோ கையொப்பமிட்டு அனுப்பும் பவர் பத்திரம் இந்தியா வந்து சேர்ந்த மூன்று மாதத்துக்குள் முத்திரைத் தீர்வை கட்டிவிட வேண்டும். இதைத் தவறவிட்டு மறுபடி மலேசியாவுக்கு அனுப்பியவர்களை நான் பார்த்திருக்கிறேன். கொடுத்தவர் இறந்துவிட்டால் அந்தப் பவரும் முடிந்தது. அப்புறம் ரங்கூன் போனவர், திரும்பவே இல்லை என்றொரு பெயர் பட்டாவில் வரும். ஏழு வருஷம் எந்தத் தகவலும் இல்லாதவரை இறந்தவராகக் கொள்ளச் சட்டத்தில் இடமுண்டு, ஆனால் அதை நீதிமன்றம் சொல்ல வேண்டும்.

இவ்வளவும் செய்து ஒருவர் அசையவில்லை என்றால்? உங்கள் பிரிபடாத பங்கை மட்டும் நீங்கள் விற்கலாம், சட்டம் தடுக்கவில்லை. ஆனால் அதற்கு நல்ல விலை கிடைக்காது, வாங்கியவர் "ரோட்டோரம் எனக்கு" என்று கேட்கவும் முடியாது. அப்பா விட்டுப்போன சொத்தில் பங்கை வெளியாளுக்கு விற்க நினைத்தால், முதலில் வாங்கும் உரிமை உடன்பிறந்தவர்களுக்கு உண்டு. குடியிருக்கும் குடும்ப வீடாக இருந்தால், வெளியாள் பங்கை வாங்கிவிட்டு வளவுக்குள் வந்து உட்கார முடியாது.

மற்றது பாகப்பிரிவினை வழக்கு. முதலில் யாருக்கு எவ்வளவு என்று ஒரு தீர்ப்பு, பிறகு வக்கீல் கமிஷனர் வந்து அளந்து, அதற்கப்புறம் இறுதித் தீர்ப்பு. பிரிக்க முடியாத இடம் என்றால், பாதிக்குக் குறையாத பங்கு வைத்திருப்பவர்கள் கேட்டு, கோர்ட் விற்கச் சொல்லலாம். அப்போதும் மற்றவர்கள் கோர்ட் போடும் மதிப்புக்கு, விற்கக் கேட்டவர்களின் பங்கை வாங்கிக்கொள்ள முடியும். 1893-ஆம் வருஷச் சட்டம் இது. சின்னப் பங்கை வைத்துக்கொண்டு பயப்படுகிறவர்கள் இதைத் தெரிந்துகொள்ள வேண்டும். வழக்கு போட்டாலும் சமரசத்துக்கு வழி மூடிவிடாது. லோக் அதாலத் என்னும் மக்கள் நீதிமன்றத்தில் பேசித் தீர்த்தால் கோர்ட் கட்டணம் திரும்ப வரும், அதன் மேல் அப்பீலும் கிடையாது. பெண்களுக்கு வருமானம் பார்க்காமல் இலவசச் சட்ட உதவி உண்டு. தாலுகா கோர்ட்டில் உள்ள சட்டப்பணிகள் குழுவில் போய்க் கேளுங்கள்.

எங்கள் வீட்டில் வழக்கு வரை போகவில்லை. இரண்டு வருஷம் கழித்து நானும் பெரியப்பா மகனும் மட்டும் தேவகோட்டைக்குப் போனோம். விற்கும் பேச்சே எடுக்கவில்லை. கணக்கு எழுதிய தாளை அத்தை முன்னால் வைத்து, "உங்களுக்கு என்ன வேணும் அத்தை?" என்று கேட்டேன். அதுவரை யாருமே கேட்டிருக்கவில்லை. அவர் ரொம்ப நேரம் பேசவில்லை. பிறகு, "கிணத்தோட சேர்த்து என் பன்னெண்டு சென்டைப் பிரிச்சுக் குடுங்க. அப்பா வெட்டின கிணறு," என்றார்.

சர்வேயரை வைத்து அளந்து, பாகப்பிரிவினைப் பத்திரம் எழுதி, உட்பிரிவு செய்து, அத்தைக்குத் தனிப் பட்டா வாங்கினோம். மீதி 48 சென்டை அடுத்த வருஷம் விற்றோம். அந்தக் கிரையத்துக்கு அத்தை கையெழுத்துத் தேவையே இல்லை. இருந்தாலும் பதிவன்று தேவகோட்டையிலிருந்து பஸ் ஏறி வந்து, முடியும் வரை அலுவலக பெஞ்சில் எங்களோடு உட்கார்ந்திருந்தார்.

வணக்கம்.