சந்தேகங்களுக்கு விளக்கம்: பவர் பாப் கவர் பாட்டுகளைச் சேர்த்து மிக்ஸ் செய்யிறது எப்படி?

வணக்கம். அடுத்த கேள்வி திருகோணமலை உப்புவெளியில இருந்து ஒரு தங்கச்சி அனுப்பியிருக்கிறா. அப்பிடியே வாசிக்கிறன்.

“அண்ணா, கடற்கரைப் பக்கம் ஒரு கெஸ்ட் ஹவுஸில வேலை செய்யிறன். பின்னேரத்தில போடுறதுக்கு எனக்குப் பிடிச்ச பவர் பாப் கவர் பாட்டுகளை மட்டும் சேர்த்து ஒண்டரை மணித்தியால மிக்ஸ் ஒண்டு செய்தன். தனித்தனியாக் கேட்டா எல்லாம் நல்லாயிருக்கு. சேர்த்துக் கேட்டா ஒண்டு கத்துது, ஒண்டு முனகுது, அரை மணித்தியாலத்தில அலுத்துப் போகுது. என்ன பிழை? அதையே எங்கட வானில பென் டிரைவில போட்டா வரிசையும் மாறி ஓடுது.”

தங்கச்சி, பாட்டுத் தெரிவில கொஞ்சம் பிழை இருக்கலாம். பெரிய பிழை சத்த அளவில. கவர் பாட்டு, அதாவது ஒருத்தர் செய்த பாட்டை இன்னொருத்தர் எடுத்துச் செய்யிறது, அந்த மிக்ஸில இது மற்ற மிக்ஸ்களை விடக் கூட வரும், ஏனெண்டா 1978ல பதிஞ்சதும் 2005ல வந்ததும் பக்கத்தில பக்கத்தில நிக்குது. அதுக்கு வாறன்.

இந்த வகையே தெரியாதவையும் பார்த்துக்கொண்டிருப்பீங்க. பவர் பாப் எண்ட பேரை 1967ல தி ஹூ குழுவின்ர பீட் டவுன்ஷெண்ட் தங்கட இசையைப் பற்றிச் சொல்லேக்க பாவிச்சவர். 70களில பிக் ஸ்டார், ராஸ்பெரீஸ், பேட்ஃபிங்கர், சீப் ட்ரிக் எண்டு வந்த குழுக்கள்தான் அதுக்கு உருவம் குடுத்தது. 1972ல வந்த ராஸ்பெரீஸின்ர ‘கோ ஆல் த வே’ ஒண்டைக் கேட்டாலே போதும். தொடக்கத்தில கிட்டார் இடிக்கும், அடுத்த கணம் குரல் இளகி வரும், பின்னால கூட்டுக்குரல். மூண்டு நிமிசம் சொச்சத்தில பாட்டு முடிஞ்சிடும்.

இப்ப தெரிவு. கவர் எண்டா இதில ரெண்டு சாதி இருக்கு. ஒண்டு, மூலப்பாட்டே பவர் பாப். தி நேர்வ்ஸ் 1976ல செய்த ‘ஹேங்கிங் ஆன் த டெலிஃபோன்’, 1978ல ப்ளொண்டி எடுத்தது. பிக் ஸ்டாரின்ர ‘செப்டெம்பர் கேர்ள்ஸ்’, மூலம் 1974, த பேங்கிள்ஸ் எடுத்தது 1986. தேடேக்க கவனம், அந்த ‘கேர்ள்ஸ்’ல ‘ஐ’க்குப் பதிலா ‘யூ’ போட்டு எழுதியிருக்கினம். மற்றச் சாதி, வேற எங்கேயோ இருந்த பாட்டை பவர் பாப் ஆக்கினது. ஃபேட்ஸ் டொமினோ 1955ல பாடின ‘எய்ன்ட் தட் எ ஷேம்’ஐ சீப் ட்ரிக் 1978ல டோக்கியோ புடோகான் மேடையில வாசிச்சது, சைமன் அண்ட் கார்ஃபங்கலின்ர 1966 பாட்டு ‘எ ஹேஸி ஷேட் ஆஃப் விண்டர்’ஐ 1987ல பேங்கிள்ஸ் செய்தது, பிரிட்னி ஸ்பியர்ஸின்ர ‘பேபி ஒன் மோர் டைம்’ஐ ஃபவுண்டன்ஸ் ஆஃப் வெய்ன் செய்தது. அது 2005ல வந்த அவையின்ர ‘அவுட் ஆஃப் ஸ்டேட் பிளேட்ஸ்’ தொகுப்பில இருக்கு.

பவர் பாப் பைத்தியங்கள் முதல் சாதியைத்தான் உசத்திப் பேசுவினம். கெஸ்ட் ஹவுஸுக்கு அது மட்டும் காணாது. அங்க இருக்கிறவைக்கு நேர்வ்ஸும் தெரியாது, பிக் ஸ்டாரும் தெரியாது. பிரிட்னி பாட்டு வந்தா தலை நிமிரும். 15 பாட்டெண்டா ஆறு ரெண்டாம் சாதியில போடுங்கோ, அந்த ஆறையும் ஒரே இடத்தில குவிக்காதீங்கோ. ஒரு குழுவுக்கு ஒரு பாட்டு எண்டு கட்டுப்பாடு வையுங்கோ. இதில உங்களைச் சறுக்க வைக்கப் போறது பேங்கிள்ஸ்தான். நல்ல கவர் அவையிட்டக் கனக்க இருக்கு, 1984லயே கத்ரீனா அண்ட் த வேவ்ஸின்ர ‘கோயிங் டவுன் டு லிவர்பூல்’ஐ எடுத்தவை. அதோட மேத்யூ ஸ்வீட்டும் சூசானா ஹாஃப்ஸும் சேர்ந்து ‘அண்டர் த கவர்ஸ்’ எண்டு 2006, 2009, 2013ல மூண்டு அல்பம் விட்டிருக்கினம், முழுக்கக் கவர். சூசானா ஹாஃப்ஸ் பேங்கிள்ஸின்ர பாடகி. அதால ரெண்டிலயும் இருந்து எடுத்தா நடுவில ஆறு பாட்டாவது இருக்கவேணும்.

போடக்கூடாத ஒண்டும் சொல்லவேணும். ‘வித்தவுட் யூ’, பேட்ஃபிங்கர் 1970ல செய்த பாட்டு, 1971ல ஹாரி நில்சன் பாடிப் பேரெடுத்தது. பவர் பாப் குழுவின்ர பாட்டுத்தானே எண்டு கனபேர் சேர்க்கினம். நில்சன் செய்தது பியானோவும் கண்ணீரும். அதுக்கு முன்னுக்கும் பின்னுக்கும் எதை வைச்சாலும் பொருந்தாது. விடுங்கோ.

சரியான பதிப்பை எடுக்கிறதும் ஒரு வேலை. பழைய குழுக்கள் கனபேர் தங்கட பாட்டையே பிறகு திரும்பப் பதிஞ்சு வித்திருக்கினம். ஸ்ட்ரீமிங்கில அது மேல வந்து நிக்கும், சின்ன எழுத்தில ‘ரீ ரெக்கோர்டட்’ எண்டு இருக்கும், சில இடத்தில அதுவும் இராது. தொகுப்பு அல்பத்தில காட்டுற ஆண்டை நம்பாதீங்கோ, அது தொகுப்பு வந்த ஆண்டு. எல்விஸ் காஸ்டெல்லோவின்ர ‘பீஸ், லவ் அண்ட் அண்டர்ஸ்டாண்டிங்’ தேடுறவை அலையிறதும் இப்பிடித்தான். நிக் லோ எழுதி, அவர் இருந்த ப்ரின்ஸ்லி ஷ்வார்ட்ஸ் குழு 1974ல வெளியிட்ட பாட்டு. காஸ்டெல்லோ செய்தது 1978ல நிக் லோவின்ர ஒரு சிங்கிள் இசைத்தட்டின்ர பின்பக்கமா வந்தது. அடுத்த ஆண்டு ‘ஆர்ம்ட் ஃபோர்ஸஸ்’ அல்பத்தின்ர அமெரிக்கப் பதிப்பில சேர்த்தவை, பிரித்தானியப் பதிப்பில இல்லை.

இப்ப சத்தம். 70களில வந்த ஒரு பாட்டின்ர பழைய சிடிப் பதிப்பை அளந்தா வழமையா -16, -17 எல்.யூ.எஃப்.எஸ் சுத்தி நிக்கும். இது பாட்டு முழுக்கச் சராசரியா எவ்வளவு சத்தமாக் காதுக்குப் படுது எண்ட அளவு, சைபருக்குக் கிட்ட வர வரச் சத்தம் கூட. 2000ஆம் ஆண்டை ஒட்டி வந்த பதிவும், அந்தக் காலத்தில ‘ரீமாஸ்டர்’ எண்டு திரும்ப வந்த பழைய பாட்டும் -8, -9ல நிக்கும். எட்டு டெசிபல் வித்தியாசம். பத்து டெசிபல் கூடினா காதுக்கு ரெண்டு மடங்காத் தெரியும். நீங்க சொன்ன கத்தலும் முனகலும் இதுதான்.

“நான் நோமலைஸ் செய்து சத்தத்தைச் சமப்படுத்தினனான்” எண்டு சொல்லுவீங்க. ஓடாசிட்டி எண்ட ஒலி வெட்டி ஒட்டுற மென்பொருளில ‘நோமலைஸ்’ எண்டு ஒரு கட்டளை, ‘லவுட்னஸ் நோமலைசேஷன்’ எண்டு இன்னொண்டு. முதலாவது பாட்டின்ர அதி உச்சத்தை மட்டும்தான் பார்க்கும். ரெண்டு பாட்டின்ர உச்சமும் -1ல இருக்க, சராசரிச் சத்தம் எட்டு டெசிபல் விலகி நிக்கலாம். நீங்க பாவிக்கவேண்டியது ரெண்டாவது. ஒவ்வொரு பாட்டையும் தனித்தனி ட்ராக்கில இறக்கி, எல்லாத்தையும் தெரிவு செய்து, அந்தக் கட்டளையைத் திறந்தா -23 எண்டு நிக்கும். அதை -16 ஆக்குங்கோ. இடது வலதைத் தனித்தனியாச் சமப்படுத்துற தெரிவு ஒண்டும் அங்க இருக்கு, அதில சரி அடையாளம் இருக்கக்கூடாது. பழைய பதிவுகளில கிட்டாரை ஒரு பக்கமும் குரலை நடுவிலயும் வைச்சிருப்பினம், ரெண்டு பக்கத்தையும் சமப்படுத்தினா அந்த அமைப்பே குழம்பிடும்.

ஏன் -14 இல்லை? ஸ்பொட்டிஃபை -14 வைக்குது எண்டு எல்லாரும் அதைப் பிடிச்சுக்கொள்ளினம். -17ல இருக்கிற பழைய பாட்டை மூண்டு டெசிபல் தூக்கினா ட்ரம் அடிக்கிற உச்சி சைபரைத் தாண்டி வெட்டுப்பட்டுக் கரகரக்கும். உரத்த பாட்டைக் கீழ இறக்கிறதில எந்தச் சேதமும் இல்லை. காணாத சத்தத்தை அம்ப்ளிஃபையரில கூட்டுங்கோ. எல்லாம் முடிஞ்சாப் பிறகும் உச்சி -1 டெசிபலுக்குக் கீழ இருக்கோ எண்டு பாருங்கோ.

கையில இருக்கிறது எம்பி3 மட்டும் எண்டா அதை ஓடாசிட்டியில திறந்து திரும்ப எம்பி3 ஆக்கினா தரம் இன்னும் ஒரு படி இறங்கும். அதுக்கு எம்பி3கெயின் எண்டு ஒரு சின்ன மென்பொருள் இருக்கு. பாட்டைத் திரும்பக் குறியாக்காமல் 1.5 டெசிபல் படிகளில கூட்டிக் குறைக்கும். அதில ஏற்கெனவே இருக்கிற 89 டெசிபல் எண்ட இலக்கை அப்பிடியே விடுங்கோ. கணினி அளந்து முடிச்சாப் பிறகும் ரெண்டொரு பாட்டு துருத்திக்கொண்டு நிக்கும். அதுகளை ஒரு படி கையால இறக்குங்கோ, அந்த இடத்தில காதுதான் அளவுகோல்.

அரை மணித்தியாலத்தில அலுக்கிறதுக்கு வேற காரணம். இந்த வகையில எல்லாப் பாட்டிலயும் மினுக்கமான கிட்டாரும் உச்சக் குரலும் ஒரே அலைவரிசையில, 2 தொடக்கம் 5 கிலோஹேர்ட்ஸுக்குள்ள நெரியுது. காது கெதியாக் களைக்கிறதும் அங்கதான். ஒண்டரை மணித்தியாலம் தொடர்ந்து வேண்டாம். 45 நிமிசம், 15 பாட்டு, நிப்பாட்டிப் போட்டு வேற ஏதும் போடுங்கோ. இன்னொரு 15 இருந்தா அதை ரெண்டாம் பகுதியா இரவுச் சாப்பாட்டுக்குப் பிறகு விடலாம்.

வரிசைக்கு என்ர யோசனை: ப்ளொண்டியில தொடங்குங்கோ. பாட்டு ஒரு ஃபோன் மணியோட ஆரம்பிக்கும், பேசிக்கொண்டிருக்கிறவை திரும்பிப் பார்ப்பினம். வரவேற்பு மேசையில இருக்கிறவரும் முதல் கிழமை ரிசீவரைத் தூக்குவார், சொல்லி வையுங்கோ. பிறகு பிரிடெண்டர்ஸ், கிங்க்ஸின்ர பாட்டை 1979ல எடுத்த ‘ஸ்டாப் யுவர் சாபிங்’. வேகம் ஒரு படி இறங்கும், குரல் பெண் குரலாவே இருக்கும். மூண்டாவது கட்டாயம் ஆண் குரல், காஸ்டெல்லோ பொருந்துவார். நாலோ அஞ்சோ ட்ரேஸி உல்மனின்ர ‘தே டோன்ட் நோ’, 1983. மூலம் கேர்ஸ்டி மெக்கோல் 1979ல பாடினது. உல்மனின்ர பதிவில நடுவில உச்சத்தில வாற அந்த ஒரு ‘பேபி’ கேர்ஸ்டியே பாடிக்குடுத்தது. எட்டாவது இடத்தில ஃபவுண்டன்ஸ் ஆஃப் வெய்ன், காதுக்கு ஓய்வு. அது முடிய பேங்கிள்ஸின்ர ‘ஹேஸி ஷேட்’ விழுந்தா ஆக்கள் நிமிர்ந்து இருப்பினம். சீப் ட்ரிக்கைக் கடைசிக்கு வையுங்கோ. மேடைப் பதிவு, தொடக்கத்தில நீட்டு ட்ரம், முடிவில கூட்டத்தின்ர கூச்சல். நடுவில வைச்சா அடுத்த ஸ்டூடியோப் பாட்டு செத்துப்போய்க் கேக்கும். கடைசியில எண்டா கூச்சலை ஆறேழு செக்கனில மெல்ல இறக்கி முடிக்கலாம்.

ஏ, டி, ஈ எண்டு கிட்டாருக்குச் சுகமான சுருதிகளிலதான் இந்தப் பாட்டுகள் கனக்க இருக்கு. ஒரே சுருதியில மூண்டு பாட்டு அடுத்தடுத்து வந்தா ஒரே பாட்டு நீளுறமாதிரிப் படும், நடுவில ஒண்டை மாத்துங்கோ.

பொருத்து இடத்தில, பாட்டு டக்கெண்டு வெட்டி முடிஞ்சா ஒரு செக்கன் மௌனம் விட்டு அடுத்தது. மெல்ல மங்கி முடியிற பாட்டெண்டா கடைசி ரெண்டு மூண்டு செக்கனுக்கு மேல அடுத்ததை ஏத்தலாம். செயலியில இருக்கிற தானியங்கி கிராஸ்ஃபேடை 12 செக்கன் வைக்காதீங்கோ. இந்தப் பாட்டுகளின்ர உயிரே முதல் அஞ்சு செக்கன் கிட்டார், அதை மற்றப் பாட்டின்ர வாலுக்குள்ள புதைச்சுப்போடும்.

உங்கட இடத்துக்கு இன்னொண்டு. சீசன் நேரம் கச்சான் காத்து, அதாவது தென்மேல் காத்து, தரையில இருந்து கடலுக்கு அடிக்கும். ஸ்பீக்கரைக் கடல் பக்கம் வைச்சுத் தரைப் பக்கம் திருப்பினா உச்ச ஸ்வரம் காத்தோட போயிடும், நீங்க சத்தத்தைக் கூட்டிக்கொண்டே இருப்பீங்க. தரைப் பக்கம், ஆக்களுக்குக் கிட்ட, சின்னதா ரெண்டு ஸ்பீக்கர் வையுங்கோ. மேல தகரம் எண்டா 3 கிலோஹேர்ட்ஸில ஒரு ரெண்டு டெசிபல் குறையுங்கோ, இல்லாட்டி கிட்டார் தகரத்தில பட்டுத் திரும்பிக் குத்தும். கிடுகுக் கூரை எண்டா தேவைப்படாது. அனுமதி விசயம் முதலாளிக்குச் சொல்லி வையுங்கோ: இலங்கையின்ர 2003ஆம் ஆண்டு 36ஆம் இலக்கப் புலமைச் சொத்துச் சட்டப்படி வியாபார இடத்தில பாட்டுப் போடுறதுக்கு உரிமைக்காரரின்ர அனுமதி வேணும். தனியாள் ஸ்ட்ரீமிங் சந்தா அதுக்குள்ள அடங்காது.

கடைசியா வான். கனக்க வான் செட்டுகள் பேர் வரிசையைப் பார்க்காது, பென்னில எது முதல் எழுதுப்பட்டதோ அதைத்தான் முதல் வாசிக்கும். பதினைஞ்சையும் ஒரேயடியாப் பிடிச்சு இழுத்துப் போட்டா கணினி தன்ர இஷ்டத்துக்கு எழுதும். பென்னை ஃபேட்32இல ஃபோமட் செய்யுங்கோ, எக்ஸ்ஃபேட் எண்டா பழைய செட்டுக்குத் தெரியாது. 32 ஜிபிக்கு மேற்பட்ட பென்னை விண்டோஸ் வழமையான திரையில ஃபேட்32 ஆக்க விடாது, அதால 16 ஒண்டை வாங்குங்கோ. பேருக்கு முன்னால 01, 02 எண்டு போட்டு, ஒண்டு ஒண்டா வரிசையில கொப்பி பண்ணுங்கோ. நடுவில ஒரு பாட்டை மாத்தினா முழுக்க அழிச்சுத் திரும்பக் கொப்பி பண்ணவேணும், ஏனெண்டா புதுசு அழிஞ்சதின்ர இடத்திலயோ கடைசியிலயோ போய் நிக்கும். எம்பி3யை 256 அல்லது 320 கேபிபிஎஸ் நிலையான வேகத்தில வையுங்கோ. மாறுற வேகத்தில இருந்தா சில செட்டு நேரத்தைப் பிழையாக் காட்டும், முன்னுக்கு ஓட்டேக்க தடுமாறும். பேரைத் தமிழில எழுதினா செட்டில பெட்டி பெட்டியாத்தான் தெரியும்.