கப்பலில் ஆளைக் கொல்லும் அறை: கதவு திறக்க முன் சீஃப் ஒஃபிசர் என்ன செய்கிறார்?

[திரையில்: கல்லடிக் கடற்கரை, தூரத்தில் ஒரு சரக்குக் கப்பல்]

கப்பல் வேலைக்குப் போகிறேன் என்று சொன்னால் எங்கள் ஊரில் அம்மாமார் கேட்கிற முதல் கேள்வி இதுதான்: "மனே, கடல் அடிச்சா என்னடா செய்வாய்?"

அம்மா, கடல் அடித்தால் அடிக்கட்டும். இன்றைக்கு நான் காட்டப்போகிற இடத்தில் அலையும் இல்லை, புயலும் இல்லை. கட்டிலுக்குக் கீழே இருக்கிற இருட்டைப் போல அமைதியான ஒரு இரும்பு அறை. உள்ளே போனவர் ஓரிரு மூச்சில் விழுவார். அவரைத் தூக்கப் போனவரும் விழுவார். மூன்றாவது ஆளும் விழுவார். 2007 இல் வட கடலில் இது அப்படியே நடந்தது. அந்தக் கதை வருகிறது, ஓட்டிவிட்டுப் பார்க்காதீர்கள்.

[திரையில்: கப்பலின் குறுக்குவெட்டுப் படம்]

முதலில் வேகமாக ஒரு அறிமுகம். சீஃப் ஒஃபிசர் என்பவர் கப்டனுக்கு அடுத்த ஆள். சரக்கு ஏற்றுவது, இறக்குவது, கப்பல் சரியாமல் நிற்கப் பலாஸ்ட் தண்ணீரைக் கணக்குப் பண்ணுவது, மேல்தளப் பராமரிப்பு, தீயணைப்புப் பயிற்சி, லைஃப் போட் எல்லாம் அவர் தலையில். பெரும்பாலான கப்பல்களில் காலை 4 முதல் 8, பின்னேரம் 4 முதல் 8 வரை பாலத்தில், அதாவது கப்பலை ஓட்டுகிற மேல் அறையில், காவலும் அவருக்குத்தான். 24 மணித்தியாலத்தில் குறைந்தது 10 மணித்தியாலம் ஓய்வு கொடுக்க வேண்டும் என்று சட்டம் இருக்கிறது. துறைமுகத்தில் நிற்கிற நாட்களில் அந்த ஓய்வு எப்படிக் கிடைக்கிறது என்று ஒரு சீஃப் ஒஃபிசரிடம் கேளுங்கள், சிரிப்பார். அறிமுகம் முடிந்தது.

சரி, இப்போது எங்கள் கடலுக்கு வருவோம். 2020 செப்டம்பர் 3. அம்பாறை மாவட்டம், சங்கமன்கண்டிக்கு நேரே, கரையிலிருந்து ஏறத்தாழ 70 கிலோமீற்றர் தூரத்தில் நியூ டயமண்ட் என்ற பிரமாண்டமான எண்ணெய்க் கப்பல் எரிந்தது. குவைத்திலிருந்து இந்தியாவின் பாரதீப்புக்குப் போய்க்கொண்டிருந்தது. உள்ளே 2 இலட்சத்து 70 ஆயிரம் தொன் மசகு எண்ணெய். 23 பேர் கப்பலில் இருந்தார்கள், பிலிப்பைன்ஸ் மாலுமி ஒருவர் இறந்துபோனார். பொத்துவில், திருக்கோவில் பக்கத்து மீனவர்கள் தங்கள் கடல் கறுத்துவிடும் என்று நாட்கணக்காகப் பயந்து கிடந்தார்கள். அணைத்த தீ மறுபடியும் மூண்டது. ஆனால் இயந்திர அறைப் பக்கம் எரிந்த தீ எண்ணெய்த் தாங்கிகளைப் பிடிக்கவில்லை.

இங்கேதான் எனக்குப் பிடித்த விடயம் வருகிறது. இவ்வகைப் பெரிய எண்ணெய்க் கப்பல்களில் தாங்கியின் மேல்பகுதியில் காற்று விடுவதில்லை. கொதிகலன் புகையைக் கழுவிக் குளிரவைத்து உள்ளே அனுப்புகிறார்கள். ஒட்சிசன் 8 வீதத்தைத் தாண்டக் கூடாது. அந்தளவில் எண்ணெய் ஆவிக்குத் தீ பிடிக்காது.

நீங்களும் நானும் சுவாசிப்பது 21 வீதம். தீயை வாழவிடாத 8 வீதம் எங்களையும் வாழவிடாது. கப்பலைக் காப்பாற்றுகிற அதே காற்று, மூடியைத் திறந்து இறங்குகிற பொடியனைக் கொன்றுவிடும்.

"சரி, அது எண்ணெய்க் கப்பல். நான் சாதாரணச் சரக்குக் கப்பலுக்குத்தானே போகிறேன்" என்று நினைக்கிறீர்களா? அப்படியானால் வட கடல் கதையைக் கேளுங்கள்.

[திரையில்: நங்கூரச் சங்கிலி, கப்பலின் முன்பகுதி]

வைக்கிங் ஐலா. எண்ணெய் தோண்டும் மேடைக்குப் பக்கத்தில் ஆபத்துக்கு உதவ நிற்கிற கப்பல். மற்றவர்களைக் காப்பாற்றுவதுதான் அதன் தொழிலே. 2007 செப்டம்பரில் ஒருநாள், முன்பகுதியில் நங்கூரச் சங்கிலி கடகடவென்று சத்தம் போட்டுக்கொண்டிருக்கிறது. அதைக் கட்டிவைக்க இரண்டு மாலுமிகள் போகிறார்கள். கொஞ்ச நேர வேலை. ஒருவர் சங்கிலி அறைக்குள் இறங்குகிறார், விழுகிறார். மற்றவர் பாலத்துக்கு அறிவித்துவிட்டு, நண்பனைத் தூக்க இறங்குகிறார், அவரும் விழுகிறார். உதவிக்கு வந்தவர் முறைப்படி சுவாசக் கருவியை முதுகில் மாட்டிக்கொண்டு வருகிறார். வாசல் சின்னது, கருவியோடு நுழைய முடியவில்லை. அதைக் கழற்றிவிட்டு, தப்பி ஓடுவதற்கு மட்டும் வைத்திருக்கிற ஒரு சின்னத் தலைமூடியைப் போட்டுக்கொண்டு இறங்குகிறார். அந்த மூடி விலகிவிடுகிறது. மூன்று பேரும் போய்விட்டார்கள்.

அந்த அறையில் விஷவாயு இல்லை, எண்ணெய் இல்லை. இருந்தது ஈரமான இரும்பு. துரு பிடிக்க ஒட்சிசன் வேண்டும். மூடிக்கிடந்த அறையில் இரும்பு இருந்த ஒட்சிசனைச் சாப்பிட்டு முடித்துவிட்டது. அவ்வளவுதான்.

"மூச்சு முட்டினால் வெளியே வந்துவிடலாமே?" வர முடியாது. மூச்சு முட்டுகிற உணர்வு ஒட்சிசன் குறைவதால் வருவதில்லை, உடம்பில் காபனீரொட்சைட்டு ஏறுவதால் வருகிறது. ஒட்சிசன் இல்லாத அறையிலும் நீங்கள் காபனீரொட்சைட்டை வழமைபோல வெளியே ஊதிக்கொண்டுதான் இருப்பீர்கள். நெஞ்சு அடைக்காது, இருமல் வராது. மூளைக்குச் செய்தி போக முன் மூளையே நின்றுவிடும். ஐதரசன் சல்பைட்டு என்ற விஷவாயு இன்னும் மோசம். கூழ்முட்டை மணக்கும் என்று பாடத்தில் படித்திருப்பீர்கள். அளவு கூடினால் மூக்கின் மோப்பமே செத்துவிடும். மணம் போய்விட்டது, இனிப் பயமில்லை என்று ஆள் உள்ளே நடப்பான்.

படுவான்கரையில் பாழ்கிணறு தூர்வார இறங்க முன் பெரியவர்கள் என்ன செய்வார்கள்? கயிற்றில் விளக்கைக் கட்டி இறக்குவார்கள். விளக்கு அணைந்தால் ஒருவரும் இறங்கக் கூடாது. எனக்கு அந்த அறிவின் மேல் பெரிய மரியாதை. ஒட்சிசன் ஏறத்தாழ 16 வீதத்துக்கு வரும்போதே சுடர் அணைந்துவிடும், ஆள் விழுகிற அளவுக்கு முன்பே எச்சரிக்கை கிடைத்துவிடும். தயவுசெய்து இதை எண்ணெய்க் கப்பலில் செய்து பார்க்காதீர்கள், விளக்கோடு கப்பலும் போய்விடும்.

கப்பலில் அந்த விளக்கின் வேலையைச் செய்வது வாயு அளக்கும் மீற்றர். ஒட்சிசன், எரியக்கூடிய வாயு, காபனோரொட்சைட்டு, ஐதரசன் சல்பைட்டு நான்கையும் காட்டும். என்னைத் திகைக்க வைத்த செய்தி: எல்லா வகைச் சரக்குக் கப்பலிலும் இந்த மீற்றர் இருக்க வேண்டும் என்ற சர்வதேச விதி நடைமுறைக்கு வந்தது 2016 ஜூலை 1 இல்தான். எங்கள் ஊர் விளக்குக்கு வயது எத்தனை என்று நீங்களே யோசியுங்கள்!

[திரையில்: அனுமதிப் பத்திரம், கையொப்பம் இடும் கை]

அப்போ சீஃப் ஒஃபிசர் என்ன செய்கிறார்? பெரும்பாலும் "நில்" என்கிறார். அறையைத் திறந்து மின்விசிறியால் காற்று ஊதச் சொல்கிறார். ஊதி முடித்ததும் மீற்றரில் நீளமான குழாயைப் பொருத்தி, வெளியே நின்றபடியே மேல், நடு, அடி என்று மூன்று மட்டத்திலும் அளக்கிறார். மேலே 21 காட்டினால் கீழேயும் 21 என்று அர்த்தமில்லை, பார வாயு அடியில்தான் படுக்கும். அந்த அறைக்குப் போகிற குழாய்களின் வால்வுகளைப் பூட்டுகிறார். அளந்த எண்களும் இறங்குபவர்களின் பெயர்களும் அனுமதிப் பத்திரத்தில் ஏறுகின்றன. கையொப்பம் விழுந்த பிறகுதான் ஆள் இறங்கலாம். வேலை இடையில் நின்று மறுபடி தொடங்கினால் மறுபடி அளக்க வேண்டும்.

இதில் எல்லாரும் குறைவாக மதிக்கிற ஒரு வேலை இருக்கிறது: வாசலில் நிற்பது. ரேடியோவோடு சும்மா நிற்கிற மாதிரித் தெரியும். உள்ளே இருப்பவர் பதில் சொல்லாவிட்டால் அபாயமணி அடிப்பது அவர். நண்பன் விழுவதைக் கண்ணால் பார்த்தாலும் இறங்காமல் நிற்க வேண்டியவரும் அவர். கப்பலிலேயே கஷ்டமான வேலை இதுதான் என்பேன், அலைக்கு நடுவே கயிறு பிடிப்பதைவிடக் கஷ்டம். இதற்காகத்தான் 2015 இலிருந்து இரண்டு மாதத்துக்கு ஒரு தடவை மீட்புப் பயிற்சி கட்டாயம். பொம்மையை உள்ளே போட்டு, சுவாசக் கருவியோடு அந்தச் சின்ன வாசலால் நுழைந்து தூக்கி எடுத்துப் பார்க்கிறார்கள். வாசல் சின்னது என்று பயிற்சியிலேயே தெரிந்துவிட வேண்டும்.

அப்புறம், இது எங்கள் ஆட்களுக்கு: கொப்பராவும் ஒட்சிசனைக் குடிக்கும். மரம், நிலக்கரி, பழைய இரும்பும் அப்படித்தான். "தேங்காய்தானே மச்சான்" என்று சரக்கறை ஏணியில் இறங்கிவிடாதீர்கள்.

கல்முனையிலிருந்தோ களுவாஞ்சிகுடியிலிருந்தோ முதல் கப்பலுக்குப் போகிற தம்பிமாரே, புதுப் பொடியனைத்தான் இப்படிச் சின்ன வேலைக்கு முதலில் அனுப்புவார்கள். "பத்திரம் போட்டாச்சா சேர், மீற்றர் என்ன காட்டுது?" என்று கேளுங்கள். நல்ல சீஃப் ஒஃபிசர் கோபிக்க மாட்டார், மீற்றரை உங்கள் பக்கம் திருப்பிக் காட்டுவார். எரிந்து விழுகிறவர் என்றால் கதவுக்கு வெளியிலேயே நில்லுங்கள், திட்டு வாங்கினாலும் பரவாயில்லை.

அடுத்த வீடியோ லைஃப் போட் பற்றி. உயிர் காக்கிற படகு பயிற்சி நேரத்திலேயே ஏன் ஆளைக் கொல்கிறது என்று அதன் கொக்கியைக் கழற்றிக் காட்டப்போகிறேன். கப்பலில் வேலை செய்கிற அண்ணன்மார் யாராவது பார்த்துக்கொண்டிருந்தால், உங்கள் கப்பலில் வாசலில் யாரை நிறுத்துவார்கள் என்று கீழே எழுதுங்கள்.