சேர்வராயன் மலையில் உண்ணிச்செடி: மேலே ஏற இடமில்லாத காடு

[காட்சி: அடிவாரத்திலிருந்து ஏறும் ஏற்காடு சாலை]

சேலம் கடல்மட்டத்திலிருந்து சுமார் 280 மீட்டர் உயரத்தில் இருக்கிறது. 20 கொண்டை ஊசி வளைவுகள் ஏறினால் சேர்வராயன் மலைமேல் ஏற்காடு, சுமார் 1,500 மீட்டர். ஆயிரம் மீட்டருக்கு ஏறக்குறைய 6 டிகிரி வெப்பம் குறையும். அந்தக் குளிரை நம்பித்தான் மேல்மலைச் சோலை மரங்களும், அவற்றில் தொற்றி வளரும் ஆர்க்கிட்களும் வாழ்கின்றன.

இதே கணக்கைத் திருப்பிப் போடுங்கள். பருவநிலை மாறி 1 டிகிரி கூடினால், பழைய குளிர் வேண்டிய செடி சுமார் 170 மீட்டர் மேலே போக வேண்டும். சேர்வராயன் கோயில் இருக்கும் உச்சியே சுமார் 1,620 மீட்டர்தான்! பக்கத்து மலைக்குப் போகலாம் என்றால் நடுவில் கொதிக்கும் சமவெளி. காப்புக்காட்டுக்கு நட்ட எல்லைக்கல் நின்ற இடத்திலேயே நிற்கும். குளிர் அதைத் தாண்டிப் போய்விடும்.

[காட்சி: மஞ்சளும் ஆரஞ்சும் கலந்த பூக்கொத்து]

இந்த நெருக்கடியில்தான் உண்ணிச்செடி பரவுகிறது. வெப்பமண்டல அமெரிக்காவின் செடி. ஆங்கிலேயர் காலத்தில் தோட்ட அழகுக்காக வந்தது. வறட்சியைத் தாங்கும். இலையில் நச்சு இருப்பதால் மேய்ச்சலுக்கும் ஆகாது. புதர் அடர்ந்துவிட்டால் தரையில் வெளிச்சம் விழாது. மரவிதை முளைத்தாலும் தலைதூக்காது. பெரிய மரங்கள் நிற்கின்றன, அவற்றின் கன்றுகள் இல்லை. என்னை மிகவும் கவலைப்படுத்துவது இதுதான். ஏற்காட்டு ஆர்க்கிட் காப்பகத்தில் சட்டிகளில் செடிகளைக் காப்பாற்றி வைக்கலாம். காட்டில் நாளை அவை எந்த மரத்தில் தொற்றும்?

கோடை நீண்டால், காய்ந்த புதர் தீயை மரக்கிளை வரை ஏற்றிவிடும். தீ அடங்கியதும் உண்ணிச்செடி தூரிலிருந்து விரைவாகத் துளிர்த்துவிடும்.

[காட்சி: மண்வெட்டியுடன் வேலையாட்கள்]

தரையோடு வெட்டினால் முன்னிலும் அடர்த்தியாகக் கிளைக்கும். தண்டும் வேரும் சேரும் தூருக்குச் சற்றுக் கீழே, மண்ணுக்குள் வெட்டிப் பெயர்த்து, வேர் மேலே இருக்குமாறு தலைகீழாக வைக்க வேண்டும். வெற்றிடத்தைச் சும்மா விட்டால் பார்த்தீனியம் என்ற இன்னொரு அயல் களை வந்துவிடும். அந்த மலைக்கே உரிய புல்லையும் மரக்கன்றுகளையும் உடனே வளர்க்க வேண்டும்.

அயல் செடிகளை அகற்றத் தமிழ்நாடு அரசு 2022இல் ஒரு கொள்கை வெளியிட்டது. மிகவும் தேவையான முடிவு. ஆனால், கொண்டைக்குருவி காப்பித் தோட்டத்து வேலியில் உண்ணிப்பழம் தின்று காப்புக்காட்டில் எச்சமிடும். காட்டுக்குள் வேலை நடக்கும் அதே பருவத்தில், பழம் கறுப்பதற்கு முன்பே, தோட்டக்காரர்களும் வேலியோரத்து உண்ணியைத் தூரோடு எடுத்துவிட வேண்டும். அடுத்தடுத்த மழைகளுக்குப் பிறகு, பறவைகள் வந்து உட்காரும் மரங்களின் அடியில் முளைத்திருக்கும் நாற்றுகளைக் கையாலேயே பிடுங்கிவிடலாம்.