கட்டிய எடுத்தாச்சு, கிருமி உள்ளதான இருக்கு

எண்டோஸ்கோபி ரூம்ல ஒரு சின்ன சோதனை நடக்கும், நீங்க பாத்திருக்க மாட்டீங்க, வாயில குழாயோட ஒருக்களிச்சு படுத்திருப்பீங்க. வயித்துக்குள்ளருந்து பாதி அரிசி அளவு சதைய கிள்ளி எடுத்து மஞ்சளா இருக்கிற ஒரு ஜெல்லுக்குள்ள சொருகி வைப்போம், அதுல யூரியா கலந்திருக்கும். மஞ்சள் ரோஸ் ஆச்சுன்னா கிருமி இருக்கு. பேரு ஹெலிகோபாக்டர் பைலோரி, சுருக்கமா எச் பைலோரி. யூரியாவ உடைச்சு அம்மோனியா பண்ணி, தன்னைச் சுத்தி அமிலத்த தணிச்சுக்கிட்டு நம்ம வயித்துல வருஷக்கணக்கா வாடகை இல்லாம குடித்தனம் பண்ணுது.

ஆஸ்திரேலியால பெர்த்துல பாரி மார்ஷல், ராபின் வாரன்னு ரெண்டு டாக்டருங்க வயித்துப் புண்ணுக்கு இந்தக் கிருமிதான் காரணம்னு சொன்னப்ப யாரும் நம்பல. மார்ஷல் 1984ல அந்தக் கிருமிய தானே குடிச்சுட்டாரு, சில நாள்ல வாந்தி, வாய் நாத்தம், குழாய் விட்டுப் பாத்தா வயித்துச் சுவரு வீங்கிக் கிடக்கு. 2005ல ரெண்டு பேருக்கும் நோபல். நீங்க யாரும் ட்ரை பண்ணாதீங்க, பரிசு குடுத்து முடிச்சாச்சு.

1994ல உலக சுகாதார நிறுவனத்தோட புற்றுநோய் ஆராய்ச்சி அமைப்பு இத கேன்சர் உண்டாக்குற பொருளுங்க லிஸ்ட்ல, சிகரெட் இருக்கிற அதே வரிசைல சேத்துச்சு. உடனே பயந்துடாதீங்க. ஜப்பான்ல உயெமுரா குழுவினர் 1526 பேர சராசரியா 7.8 வருஷம் கவனிச்சு 2001ல எழுதுனாங்க, கிருமி இருந்த 1246 பேர்ல வயித்துல கேன்சர் வந்தது 36 பேருக்கு, நூத்துக்கு மூணு பேர் கூட இல்ல. ஆனா கிருமி இல்லாத 280 பேர்ல ஒருத்தருக்கும் வரல, அதான் விஷயமே.

இப்ப நான் சொல்ல வந்தது. எங்கிட்ட ஒரு பெரியவர் வந்தாரு, வயித்துல ஆரம்ப நிலைக் கேன்சர் கட்டி, வயித்தக் கிழிக்காம குழாய் வழியாவே செதுக்கி எடுத்தாச்சு. கிருமிக்கு மாத்திரை எழுதுனா, "அதான் எடுத்துட்டீங்களே டாக்டர், இது எதுக்கு கை நிறைய"ன்னாரு. நியாயமான கேள்விதான். ஆனா செதுக்குனது ஒரு இடம், கிருமி கெடுத்து வெச்சது மொத்தச் சுவரு, அதுல இன்னொரு இடத்துல புதுசா முளைக்கலாம். தென்கொரியால இதே மாதிரி ஆளுங்கள ரெண்டா பிரிச்சுப் பாத்து 2018ல வெளியிட்டாங்க: கிருமி மருந்து குடுத்த 194 பேர்ல 14 பேருக்கு மறுபடி கேன்சர், மருந்தே இல்லாத வெத்து மாத்திரை குடுத்த 202 பேர்ல 27 பேருக்கு. கிட்டத்தட்ட பாதி!

அப்புறம் ஒண்ணு, இத மறைச்சா தப்பு. வயித்துக் கேன்சருக்குப் பெரிய ஆபரேஷன் பண்ணிக்கிட்டவங்கள்ல கிருமி இருந்தவங்கதான் கூடுதல் நாள் வாழ்ந்தாங்கன்னு சில ஆய்வுகள் சொல்லுது. அப்ப கிருமி நல்லதா? நான் அப்படி எடுத்துக்க மாட்டேன். வயிறு ரொம்ப நைஞ்சு போச்சுன்னா கிருமிக்கே அங்க பொழைக்க முடியாது, அதுவா காணாம போயிடும், அதனால கிருமி இல்லன்னு ரிசல்ட் வர்றவங்கள்ல சில பேரு ரொம்பக் கெட்டுப்போன வயித்துக்காரங்களா இருக்கலாம்.

அந்தப் பெரியவர் 14 நாள் கோர்ஸ அஞ்சாம் நாளே விட்டுட்டாரு, வாயெல்லாம் கசக்குதாம். மூணு மாசம் கழிச்சு வந்தாரு. சதைய கிள்ளி ஜெல்லுல வெச்சுட்டு டீ குடிச்சுட்டு வர்றதுக்குள்ள ரோஸ்.