அப்புச்சியின் மாத்திரை டப்பா

வணக்கமுங்க. பொள்ளாச்சியிலிருந்து வால்பாறை போகிற வீடியோ போடுவதாகச் சொல்லியிருந்தேன். ஆழியாறு தாண்டினால் 40 கொண்டை ஊசி வளைவு. அதற்கு அப்புச்சி எடுத்து வைத்திருந்த மாத்திரைகளைப் பார்த்ததும் பயணத்தையே தள்ளிவிட்டோம்.

இதோ, பழைய முறுக்கு டப்பா. இந்தச் சின்ன அட்டை வாந்தி மாத்திரை, டோம்பெரிடோன் 10 மில்லிகிராம். பக்கத்து வீட்டில் வாங்கி வைத்திருக்கிறார். இது அவர் தினமும் காலையில் போடுகிற கேஸ் மாத்திரை. பின்னால் இருக்கிற பொடி எழுத்தைப் போனில் பெரிதாக்கித்தான் படித்தேன். பான்டோபிரசோல் 40, டோம்பெரிடோன் 30. அட, இதிலும் அதேதான்! ஐரோப்பாவில் 2014இல் பெரியவர்களுக்கு வைத்த உச்ச அளவே ஒரு நாளைக்கு 30 தான். அதுவும் பொதுவாக ஒரு வாரத்துக்கு மேல் வேண்டாம் என்கிறார்கள். கேஸ் மாத்திரையிலேயே கணக்கு முடிந்துவிட்டது.

மூன்றாவது அட்டைதான் என்னைப் பயமுறுத்தியது. நெஞ்சுச் சளிக்குக் கொடுத்த கிளாரித்ரோமைசின். டோம்பெரிடோனை உடைக்கிற நொதியை இது கட்டிப்போட்டுவிடும். மருந்து ரத்தத்தில் கூடி, இதயத் துடிப்பின் தாளம் தப்பலாம். எரித்ரோமைசினும், பூஞ்சைக்குக் கொடுக்கிற கீட்டோகோனசோலும் அப்படியே. கிரேப்ஃப்ரூட் (திராட்சை இல்லை, ஆரஞ்சு இனத்துப் பழம்) சாறும் இந்தக் கூட்டத்தில் உண்டு. நம்ம சந்தையில் அது எங்கே கிடைக்கிறது, விடுங்கள். 60 வயது தாண்டியவர்களுக்கு ஆபத்து கூடுதல். அப்புச்சிக்கு 74.

இதயம் பலவீனமானவர்களும் கல்லீரல் கெட்டவர்களும் டோம்பெரிடோனைத் தொடக் கூடாது. இன்னொரு கூத்து: வாந்தி பேதியில் பொட்டாசியம் குறைந்தாலும் இதே ஆபத்து கூடும். வாந்திக்குத்தானே இதையே போடுகிறோம்!

இவ்வளவுக்கும், வளைவில் வருகிற குமட்டலுக்கு இது பெரிதாகக் கேட்காதாம். அது காதுக்குள் இருக்கிற சமநிலைச் சங்கதி. அதற்கான மாத்திரை வேறு. தூக்கம் வரும், போட்டுவிட்டு வண்டி ஓட்டக் கூடாது.

டாக்டருக்கு மூன்று அட்டையையும் போட்டோ எடுத்து அனுப்பினேன். வாந்தி மாத்திரை வேண்டாம் என்றார், கேஸ் மாத்திரையையும் டோம்பெரிடோன் இல்லாததாக மாற்றி எழுதினார். உங்கள் வீட்டிலும் நீங்களாக எதையும் நிறுத்தாமல், அட்டைகளைக் கொண்டுபோய்க் காட்டுங்கள்.

அப்புச்சி எல்லாவற்றையும் கேட்டுவிட்டு, மடியிலிருந்து ஒரு எலுமிச்சம்பழத்தை எடுத்தார். “இதை மோந்து பார்த்தாலும் ஏதாச்சும் சண்டை வருமா கண்ணு?”