காய்ச்சல் விட்டது, அசதி விடவில்லை

நேயர்களே, வணக்கம். காய்ச்சல் வந்து போய் ஆறு மாதம் ஆகியும் அசதி தீராதவர்களைப் பற்றித்தான் இன்றைய பேச்சு. நாட்பட்ட சோர்வு நோய் என்கிறோம். தேயிலைத் தோட்டத்தில் நாள் முழுக்கக் கொழுந்து பறித்தால் யாருக்கும் உடம்பு வலிக்கும். படுத்து எழுந்தால் தெளியும். இந்த நோயாளி அன்றைக்குச் சமாளித்துவிடுவார். மறுநாளோ அதற்கடுத்த நாளோதான் எழுந்திருக்க முடியாது. அந்த 'மறுநாளை' மனதில் வையுங்கள், திரும்ப வருகிறேன்.

முதலில் ரத்தத்தில் ஹீமோகுளோபின், தைராய்டு, சர்க்கரை, பி12 பார்த்துவிட வேண்டும். சிவப்பணு அரிவாள் போல வளைந்துபோகும் பரம்பரை நோயான சிக்கிள் செல் ரத்தசோகையும்தான். இந்தியாவில் அது முதலில் பதிவானதே, 1952-இல், நம் நீலகிரிப் பழங்குடியினரிடம்.

இவை எதுவும் இல்லையென்றால்? ஆஸ்திரேலியாவில் டப்போ என்று ஓர் ஊர். சுரப்பிக் காய்ச்சல் தரும் எப்ஸ்டீன்-பார் வைரஸ், ஆடு மாடுகளிடமிருந்து வரும் கியூ காய்ச்சல், கொசு பரப்பும் ராஸ் ரிவர் காய்ச்சல் என்று மூன்று தொற்று கண்ட 253 பேரை அங்கே தொடர்ந்து கவனித்தார்கள். 2006-இல் முடிவு வந்தது. மூன்று கிருமிக்கும் ஒட்டுமில்லை, உறவுமில்லை. ஆனாலும் ஆறாம் மாதத்தில் சுமார் 11 சதவீதம் பேருக்கு இந்த நோய். எந்தக் கிருமியானாலும் ஏறக்குறைய அதே அளவு. யாருக்கு வரும் என்று காட்டியது முதல் காய்ச்சலின் கடுமை. மனநிலை அல்ல. "எல்லாம் மனசுதான், எழுந்து வேலையைப் பாரு" என்கிறவர்கள் காதில் விழட்டும், மறுபடி சொல்கிறேன்: மனநிலை அல்ல. கிருமி அடங்கிய பிறகும் எதிர்ப்புச் சக்தி அடங்காமல் இருக்கிறதா என்பதுதான் ஆய்வாளர்களின் கேள்வி.

அடுத்தது ரத்த ஓட்டம். நாம் நின்றதும் ரத்தம் காலுக்கு இறங்கும். நரம்புகள் ரத்தக்குழாயைச் சுருக்கி மேலே அனுப்ப வேண்டும். இவர்களில் பலருக்கு அது சரியாக நடப்பதில்லை, மூளைக்கு ரத்தம் குறைகிறது. மறதி, மந்தம், கிறுகிறுப்பு எல்லாம் அதனால் வரலாம். சோதிப்பது எளிது. பத்து நிமிடம் படுத்திருந்து நாடியை எண்ணுங்கள். பிறகு குதிகால் சுவரிலிருந்து ஆறு அங்குலம் தள்ளி இருக்க, தோள் மட்டும் சாய்த்துப் பத்து நிமிடம் நில்லுங்கள். நிமிடத்துக்கு ஒருமுறை எண்ணுங்கள். பெரியவர்களுக்கு 30 துடிப்புக்கு மேல் கூடி, கூடியபடியே நின்றால் டாக்டரிடம் போங்கள். காலை அசைத்தால் கெண்டைச்சதை ரத்தத்தை மேலே தள்ளிவிடும், கணக்குத் தப்பும். டீ குடித்த கையோடு, ஏற்றம் ஏறி வந்த கையோடு செய்யாதீர்கள். மயக்கம் வரலாம், பக்கத்தில் ஆள் வேண்டும்.

இப்போது அந்த மறுநாள். அடுத்தடுத்து இரண்டு நாள் சைக்கிள் மிதிக்க வைத்து மூச்சை அளந்தால், நலமாக இருப்பவர் இரண்டாம் நாளும் ஏறத்தாழ அதே அளவு மிதிக்கிறார். இவர்களில் பலருக்கு இரண்டாம் நாள் குறைகிறது. உயிரணுவுக்குள் சக்தி தயாரிக்கும் மைட்டோகாண்ட்ரியா மேல் சந்தேகம் வருவது இதனால்தான். "தினம் கொஞ்சம் கூட்டிக் கூட்டி நட" என்ற பழைய அறிவுரையை 2021-இல் பிரிட்டனில் மருத்துவ வழிகாட்டுதல் வகுக்கும் நைஸ் அமைப்பு கைவிட்டது.

நேரம் முடிந்தது என்று சைகை வருகிறது. மரபணு பற்றி விரிவாகச் சொல்ல நினைத்தேன், முடியாது. எதிர்ப்புச் சக்தியின் ஒருவகை அணுக்களைக் குறைக்கும் ரிட்டுக்ஸிமாப் மருந்து நார்வேயில் பெரிய சோதனையில் தோற்றது, 2019-இல். குணப்படுத்தும் மாத்திரை இன்று இல்லை. உடம்பு தாங்கும் அளவுக்கு முன்பே வேலையை நிறுத்திக்கொள்வதுதான் இப்போதைக்கு வழி. வணக்கம்.