பாதி சீசனில் ஊர் மாறிய அணி

நேயர்களுக்கு வணக்கம்.

பேஸ்பால் பற்றிப் பேசப் போகிறேன் என்றதும் ரேடியோவை அணைத்துவிடாதீர்கள். கிரிக்கெட் பார்ப்பவர்களுக்கு இதில் புரியாதது ஒன்றும் இல்லை. ஒருவர் எறிகிறார், ஒருவர் அடிக்கிறார், அடித்தவர் ஓடுகிறார். பக்கத்துக்கு ஒன்பது பேர், ஒன்பது இன்னிங்ஸ். சமமாக நின்றால், யாராவது ஜெயிக்கும்வரை இன்னிங்ஸ் கூடிக்கொண்டே போகும். டிரா என்ற பேச்சு பொதுவாகக் கிடையாது. இதை மட்டும் நினைவில் வைத்துக்கொள்ளுங்கள், கொஞ்ச நேரத்தில் தேவைப்படும்.

அமெரிக்க பேஸ்பாலின் உச்சி மேஜர் லீக். அதற்குக் கீழே படிப்படியாக மைனர் லீகுகள். அதில் மேல் படி ட்ரிபிள் ஏ. 1954 முதல் 1960 வரை அந்த மேல் படியில் கியூபாவின் தலைநகரிலிருந்து ஓர் அணி ஆடியது. பெயர் ஹவானா சுகர் கிங்ஸ். மான்ட்ரியல், டொராண்டோ, பஃபலோ, ரோசெஸ்டர் என்று வடக்கே குளிர் ஊர்களோடு இந்த வெயில் ஊரும் ஒரே லீகில் இருந்தது.

அணியின் சொந்தக்காரர் பாபி மதுரோ. வெனிசுவேலா மதுரோவுக்கும் இவருக்கும் சம்பந்தம் இல்லை. சர்க்கரையும் காப்பீடும் குடும்பத் தொழில். 1946இல் கூட்டாளி ஒருவரோடு சேர்ந்து ஹவானாவில் கிரான் ஸ்டேடியம் என்ற பெரிய அரங்கத்தைக் கட்டியவர். ஹவானாவை ஒரு மேஜர் லீக் ஊராக்கிவிட வேண்டும் என்பதுதான் அவருடைய ஆசை. அணியின் முழக்கமே, ‘இன்னும் ஓர் அடி, போய்ச் சேர்ந்துவிடுவோம்’ என்பதுதான்.

1955இலிருந்து அணி சின்சினாட்டி என்ற மேஜர் லீக் அணியோடு சேர்ந்தது. இங்கே தயாராகும் ஆட்டக்காரர்கள் அங்கே போவார்கள். இதில் ஒரு வேடிக்கை. சின்சினாட்டி அணிக்குப் பெயர் ரெட்ஸ். கம்யூனிஸ்ட் பயம் அமெரிக்காவை ஆட்டிய காலம் அது. ரெட்ஸ் என்றால் ஊரார் வேறு மாதிரி நினைப்பார்களோ என்று பெயரையே சில வருடம் ரெட்லெக்ஸ் என்று மாற்றி வைத்திருந்தார்கள். அவர்களுக்கு ஆள் அனுப்பியது ஹவானா!

1959 ஜனவரியில் புரட்சி வென்றது. ஃபிடல் காஸ்ட்ரோ வந்தார். இந்த இடத்தில் எனக்கு நெடுநாளாக ஒரு குறை உண்டு, கேட்டுவிடுங்கள். காஸ்ட்ரோ அபாரமான பந்துவீச்சாளர், அமெரிக்க அணி ஒன்று அவரை ஒப்பந்தம் செய்யப் பார்த்தது, அன்றைக்கு அவர் கையெழுத்துப் போட்டிருந்தால் உலக வரலாறே மாறியிருக்கும் என்று ஒரு கதை சுற்றுகிறது. நன்கு படித்தவர்களே சொல்கிறார்கள். அது கட்டுக்கதை. அவருக்கு பேஸ்பால் பிடிக்கும், ஆசைக்கு ஆடுவார், அவ்வளவுதான். அப்படி ஓர் ஒப்பந்தப் பேச்சு நடந்ததற்கு ஆதாரம் கிடையாது. மறுபடியும் சொல்கிறேன், கிடையாது. நாளைக்கு யாராவது உங்களிடம் சொன்னால் தைரியமாக மறுத்துப் பேசுங்கள்.

ஆனால் அவர் கிரான் ஸ்டேடியத்தில் ஒருமுறை பந்து எறிந்தது உண்மை. 1959 ஜூலை 24 அன்று, சுகர் கிங்ஸ் ஆட்டத்துக்கு முன்னால் ஒரு காட்சி ஆட்டம் வைத்தார்கள். காஸ்ட்ரோவின் அணிக்குப் பெயர் பார்புதோஸ், அதாவது தாடிக்காரர்கள். எதிரணிக்காக எறிய வேண்டியவர் தளபதி கமிலோ சியன்ஃபுவேகோஸ். அவரோ, பேஸ்பாலில்கூட நான் ஃபிடலுக்கு எதிராக நிற்கமாட்டேன் என்று சொல்லிவிட்டு இந்தப் பக்கம் வந்துவிட்டார். நடுவர் அன்றைக்கு எந்தப் பக்கம் தாராளமாக இருந்திருப்பார் என்று நான் சொல்ல வேண்டியதில்லை.

மறுநாள் இரவு நடந்ததுதான் எனக்குப் பிடித்த கதை.

ரோசெஸ்டர் அணியோடு ஆட்டம். ஒன்பது இன்னிங்ஸ் முடிந்தும் தீரவில்லை, இழுத்துக்கொண்டே போகிறது. நள்ளிரவு தாண்டினால் ஜூலை 26. காஸ்ட்ரோ 1953இல் மொன்காடா படைமுகாமைத் தாக்கிய நாள் அது. புரட்சிக்குப் பிறகு வரும் முதல் ஜூலை 26 என்பதால் அரங்கமெங்கும் கொண்டாட்ட மனநிலை. பார்வையாளர்களில் பலர் துப்பாக்கியோடு வந்திருக்கிறார்கள். பன்னிரண்டு மணி அடித்ததும் தேசிய கீதம், பிறகு வானத்தைப் பார்த்து வேட்டு. அது அடங்கி ஆட்டம் மறுபடி தொடங்கியது. வெளியே மட்டும் வேட்டுச் சத்தம் ஓயவில்லை. மேலே போன குண்டு எங்கேயாவது கீழே வந்துதானே ஆக வேண்டும்?

ரோசெஸ்டரின் மேனேஜர் காட் டீல். அடித்தவர் ஓடித் தொட வேண்டிய இடங்களுக்குப் பேஸ் என்று பெயர். ஆட்டம் நடக்கும்போது மூன்றாம் பேஸ் பக்கத்தில் நின்று ஓடுகிறவர்களுக்குச் சைகை காட்டுவது அவர் வேலை. அன்றைக்கு நடுவரோடு சண்டை போட்டு வெளியேற்றப்பட்டார். அவர் இடத்தில் போய் நின்றவர் ஃபிராங்க் வெர்டி. அந்தக் காலத்தில் மட்டை பிடிப்பவர்கள் தலையைக் காக்க, துணித் தொப்பிக்குள் ஒரு பிளாஸ்டிக் தகட்டைச் செருகிக்கொள்வார்கள். வெர்டியின் தொப்பிக்குள் அது இருந்தது. டீல் அதை வைத்துக்கொள்ளும் வழக்கம் இல்லாதவர். எங்கிருந்தோ வந்த குண்டு ஒன்று வெர்டியின் தொப்பியில் பட்டு, தகட்டில் வழுக்கி, தோளில் உரசிப் போனது. மனிதர் சுருண்டு விழுந்தார். அதே சமயம் ஹவானாவின் இளம் ஆட்டக்காரர் லியோ கார்டெனஸின் தோளையும் இன்னொரு குண்டு உரசியது. இருவருக்கும் பெரிய காயம் இல்லை. நடுவர்கள் ஆட்டத்தை அங்கேயே நிறுத்தினார்கள். நான்குக்கு நான்கு. டிரா கிடையாது என்று சொன்னேனே, அன்றைக்கு டிரா. ரோசெஸ்டர்காரர்கள் அடுத்த ஆட்டத்துக்கு நிற்கவில்லை, தங்கள் ஊருக்கே திரும்பிவிட்டார்கள்.

இந்த வெர்டியைப் பற்றி இன்னும் ஒன்று சொல்லாமல் விட மனம் வரவில்லை. மேஜர் லீகில் அவர் ஆடியது ஒரே ஓர் ஆட்டம். 1953, நியூயார்க் யாங்கீஸ் அணிக்காக, பாஸ்டனுக்கு எதிராக. மட்டையோடு போய் நின்றார். மூன்று பேஸ்களிலும் ஆள், நல்ல வாய்ப்பு. பாஸ்டன் பந்துவீச்சாளரை மாற்றியது. உடனே யாங்கீஸும் வெர்டியைக் கூப்பிட்டுக்கொண்டு வேறொருவரை அனுப்பியது. ஒரு பந்தைக்கூடச் சந்திக்காமல் திரும்பியவர், பிறகு மேஜர் லீகில் ஆடவே இல்லை.

சரி, அணிக்கு வருவோம். 1959இல் லீகில் மூன்றாவதாக முடித்த சுகர் கிங்ஸ், பிளேஆஃபில் எல்லாரையும் சாய்த்துவிட்டு, ட்ரிபிள் ஏ லீகுகளின் சாம்பியன்கள் மோதும் ஜூனியர் வேர்ல்ட் சீரீஸுக்குப் போனது. எதிரே மின்னியாபோலிஸ் மில்லர்ஸ். முதல் ஆட்டங்கள் மின்னியாபோலிஸில், செப்டம்பர் கடைசி. அந்தக் குளிரில் கியூபாக்காரர்கள் போர்வையைச் சுற்றிக்கொண்டு, குப்பைத் தொட்டியில் தீ மூட்டிக் கை காய்ச்சினார்கள். ஆளுக்கு ஒரு வெற்றி. மூன்றாவது ஆட்டத்துக்குப் பனி கொட்டியது. மிச்சம் அத்தனையும் ஹவானாவுக்கு மாற்றப்பட்டது. அங்கே அரங்கம் நிரம்பி வழிந்தது. காஸ்ட்ரோ வந்து உட்கார்ந்தார், ஆட்டக்காரர்கள் உட்காரும் டக் அவுட்டில்கூடத் துப்பாக்கியோடு சிப்பாய்ப் பையன்கள். மில்லர்ஸ் அணியில் இருபது வயது கார்ல் யஸ்ட்ரெம்ஸ்கி இருந்தார், பின்னாளில் பெரிய நட்சத்திரம். ஏழாவது ஆட்டம் வரை இழுத்தது. இரண்டு ஓட்டம் பின்தங்கியிருந்த ஹவானா எட்டாவது இன்னிங்ஸில் சமன் செய்து, ஒன்பதாவதில் டேனி மொரெஹோன் அடித்த அடியில் 3–2 என்று ஜெயித்தது.

கோப்பை கையில், ஊர் முழுக்க ஆரவாரம். அப்புறம் ஒன்பதே மாதம்.

1960 ஜூலை தொடக்கத்தில் அமெரிக்கா கியூபாவிடம் வாங்கும் சர்க்கரையின் அளவை வெட்டியது. கியூபா அமெரிக்கச் சொத்துகளை நாட்டுடைமையாக்கச் சட்டம் போட்டது. அணி அப்போது வெளியூர்ச் சுற்றில் இருந்தது. ஆட்டக்காரர்களின் பாதுகாப்பு என்று காரணம் சொல்லி, லீக் தலைமை அணியை நியூஜெர்சியின் ஜெர்சி சிட்டிக்கு மாற்றிவிட்டது. பாதி சீசனில்! மேனேஜர் டோனி கஸ்தான்யோ விலகி ஹவானாவுக்கே திரும்பினார். ஆட்டக்காரர்களில் பெரும்பாலோர் தங்கினார்கள். யோசித்துப் பாருங்கள், சில நாளில் திரும்பலாம் என்று கிளம்பியவர்கள். ஆட்டக்காரர்கள்மேல் குண்டு உரசிய 1959இல் நகராத அணி, சர்க்கரைச் சண்டையில் நகர்ந்தது. பாதுகாப்பு என்ற காரணத்தை என்னால் முழுதாக ஏற்க முடியவில்லை என்பதற்கு இதுவே...

நேரம் ஆகிவிட்டது என்று கண்ணாடிக்கு அந்தப் பக்கம் கை காட்டுகிறார்கள். மதுரோவைப் பற்றித்தான் நிறைய வைத்திருந்தேன், வேகமாகச் சொல்கிறேன். ஜெர்சி சிட்டியில் கூட்டம் சேரவில்லை. 1962இல் அணி ஃபுளோரிடாவின் ஜாக்சன்வில்லுக்குப் போனது. மதுரோ கியூபாவில் இருந்த எல்லாவற்றையும் இழந்து மயாமியில் குடியேறினார். 1979இல் கரீபியன் ஊர்களைச் சேர்த்து இன்னொரு லீக் தொடங்கினார். அது முதல் சீசனையே முடிக்கவில்லை. 1986இல் இறந்தார். மயாமியில் ஓர் அரங்கத்துக்கு அவர் பெயர் வைத்தார்கள், 2001இல் அதையும் இடித்தார்கள். அவருடைய ஆட்டக்காரர்களில் மைக் குவேயர் 1969இல் அமெரிக்கன் லீகின் சிறந்த பந்துவீச்சாளர் விருதைப் பகிர்ந்துகொண்டார். ஹவானா அரங்கம் இன்றும் வேறு பெயரில் இருக்கிறது. 2016இல் ஒபாமா போய் ஆட்டம் பார்த்தது அங்கேதான். இன்னோர் ஆட்டக்காரர் குக்கி ரோஹாஸ் பற்றிச் சொல்ல நேரமே இல்லை. நன்றி, வணக்கம்.